அம்மாவின் விசிலும் கார்டு சாரின் புகாரும்

எங்கள் வீட்டில் காலிங் பெல் கிடையாது. அதற்குத் தேவையும் இருந்ததில்லை, அம்மாவிடம் விசில் இருந்தது. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டுச் சொல்லித்தரும் பி.டி. டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள் அவள். வழியனுப்பு விழாவில் கொடுத்த சுவர்க் கடிகாரத்தை ஆட்டோவிலேயே மறந்துவிட்டு வந்தாள். கழுத்தில் தொங்கிய விசிலை மட்டும் மறக்கவில்லை.

அதன் பிறகு அந்த விசிலுக்கு நான்தான் பள்ளிக்கூடம். சின்னதாக ஒரு ஊது ஊதினால் காபி வேண்டும் என்று அர்த்தம். இரண்டு ஊதினால் நான் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவர வேண்டும். நீளமாக ஊதினால் நான் ஏதோ தப்பு செய்துவிட்டேன், அது என்ன என்று நானே யோசித்துக்கொண்டு வரவேண்டும். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். கிண்டியில் ஒரு ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை, போக வர மின்சார ரயிலில் இடிபட்டு வீடு திரும்பினால் இங்கே விசில்.

"நான் என்ன உன் எட்டாம் கிளாஸ் பொண்ணா?" என்று கத்துவேன்.

"எட்டாம் கிளாஸ் பொண்ணுங்க உன்னைவிட நேரா நிப்பாங்கடி, கூன் போடாம" என்பாள்.

அப்பா நான் கல்லூரியில் படிக்கும்போதே தவறிவிட்டார். வீட்டில் நாங்கள் இருவர்தான். ஒருத்தி ஊதுவாள், ஒருத்தி கத்துவாள். தெருவுக்குப் பொழுது போயிற்று.

தெருவில் இந்தச் சத்தத்தைத் தாங்க முடியாதவர் ஒருவர் இருந்தார். எங்கள் பின்பக்கத்துச் சுவரை ஒட்டிய வீட்டுக்காரர், ரிட்டயர் ஆன ரயில்வே கார்டு. கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டியில் தன்னந்தனியாக உட்கார்ந்து ஊர் ஊராகப் போனவர். மனைவி இல்லை, பிள்ளைகள் வடக்கே எங்கேயோ. தெருவில் யாரிடமும் பேச மாட்டார். பேச வேண்டுமென்றால் அம்மாவிடம் சண்டை போட வருவார்.

"டீச்சர், நான் சர்வீஸ் பூரா விசில் ஊதியாச்சு, விசில் கேட்டாச்சு. நிம்மதியா பேப்பர் படிக்கலாம்னு வீடு கட்டி வந்தா, சுவத்துக்கு அந்தப் பக்கமும் விசிலா?"

"தலைக்கு மேல ஏர்ஃபோர்ஸ்காரன் ப்ளேன் ஓட்டறான் சார். அவனைப் போய்க் கேளுங்க முதல்ல."

"அவன் ட்யூட்டில இருக்கான். நீங்க ரிட்டயர்டு."

இதற்கு அம்மா ஒரு நீள விசில் ஊதுவாள். அவர் காதைப் பொத்திக்கொண்டு போய்விடுவார். இது மாதத்தில் நாலைந்து தடவை நடக்கும். அம்மாவுக்கு அதில் ரகசிய சந்தோஷம் உண்டு என்றுதான் நினைக்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில் அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் கேன்சர் வந்தது. மாதவிலக்கு நின்று பல வருஷம் கழித்து மறுபடியும் ரத்தம் பட்டது. வேறு யாராக இருந்தாலும் வெட்கப்பட்டு மூடி வைத்திருப்பார்கள். அம்மா நேராக டாக்டரிடம் போய், "ரூல்படி இது வரக் கூடாது, வந்திருக்கு, பாருங்க" என்றாள். ஆபரேஷன் செய்து கர்ப்பப்பையை எடுத்தார்கள், கரண்ட் என்கிற கதிர்வீச்சும் வைத்தார்கள். "உன்னைப் பெத்ததோட அதுக்கு வேலை முடிஞ்சுது, போகட்டும் விடு" என்று சொல்லிவிட்டு, ஒரு மாதத்தில் மறுபடியும் ஊத ஆரம்பித்துவிட்டாள். நாங்கள் அதை மறந்தே போனோம்.

தொண்ணூறுகள் பிறந்து இரண்டொரு வருஷம் இருக்கும். காபி விசில் அடுப்படிக்குக் கேட்காமல் போக ஆரம்பித்தது. அம்மாவுக்கு நாகரிகம் வந்துவிட்டது என்று முதலில் சந்தோஷப்பட்டேன். அப்புறம் பார்த்தால், ஸ்டேஷன் படிக்கட்டில் பாதியில் நின்று மூச்சு வாங்குகிறாள். எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுக்கச் சில்லறைக் காசு இறைத்த மாதிரி வெள்ளை வெள்ளையாக வட்டங்கள், ஒரு பக்கம் நீர் வேறு கோத்திருந்தது. கர்ப்பப்பையை எடுத்த பிறகும் அந்த வியாதி போகவில்லை, நெஞ்சுக்கு ஏறிவிட்டிருந்தது.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் நல்லவர், வயதில் சின்னவர். ஊசி போட்டு நீரை வடித்துவிட்டு, கீமோ கொடுக்கலாம் என்றார். அம்மா உடனே கேட்டாள்.

"கேக்குமா சார்?"

"சிலருக்கு நல்லா சுருங்குதும்மா. சிலருக்கு ஒண்ணும் ஆகறதில்ல. முழுசா போயிடும்னு நான் சொல்ல மாட்டேன்."

"யாருக்கு சுருங்குச்சு? நீங்க பாத்தவங்களுக்கா, புக்ல இருக்கறவங்களுக்கா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "பெரும்பாலும் புக்ல. வெளிநாட்டுல பண்ணின ஆராய்ச்சி."

"அந்த புக்ல சுகர் இருக்கற, அறுபதைத் தாண்டின, தாம்பரத்துலேருந்து எலக்ட்ரிக் ட்ரெய்ன் புடிச்சு வர்ற பொம்பளை யாராவது இருக்காளா?"

"அநேகமா இல்லம்மா. அந்த மாதிரி ஆராய்ச்சியில வேற வியாதி இல்லாதவங்களாப் பாத்துதான் சேப்பாங்க."

"அப்ப எனக்கு எப்படி கேக்கும்னு புக்குக்குத் தெரியாது."

"தெரியாது" என்று ஒப்புக்கொண்டார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. ஒரு டாக்டர் இப்படியா தெரியாது தெரியாது என்பார்? அம்மாவுக்கோ அப்போதே அவரைப் பிடித்துப் போயிற்று.

"எனக்குப் பெரிய ஆசையெல்லாம் இல்ல சார். பொங்கல் கழிஞ்சு எங்க ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டே. முதல் ரேஸை நான்தான் ஸ்டார்ட் பண்ணணும்னு கூப்பிட்டிருக்காங்க. ஒரு விசில் ஊதற அளவுக்கு மூச்சு வேணும். மருந்து அதைக் குடுக்குதுன்னா போட்டுக்கறேன். குடுக்கலன்னா அது எனக்கு உடனே தெரியணும். சும்மா வாந்தி எடுத்துக்கிட்டுக் கிடக்க நான் தயாரா இல்ல."

"மூணு தடவை போட்டுட்டு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துடுவோம்."

"மூணு தடவை வரைக்கும் கண்ணைக் கட்டிக்கிட்டு ஓடணுமா?" என்றாள். டாக்டர் முதல் ஊசிக்குத் தேதி எழுதிக் கொடுத்தார்.

மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஊசி. முதலில் பாட்டில் பாட்டிலாகத் தண்ணி மாதிரி ஒன்று ஏறும், அப்புறம் ரோஸ்மில்க் நிறத்தில் ஒரு மருந்து. "பாக்க நல்லாத்தான்டி இருக்கு" என்றாள் அம்மா. வீட்டுக்கு வந்து பாத்ரூம் போனவள் உள்ளேயிருந்து இரண்டு விசில் ஊதினாள். நான் பதறி ஓடினால், சிறுநீரும் அதே நிறத்தில் போயிருக்கிறது. அப்படித்தான் போகும், பயப்பட வேண்டாம் என்று நர்ஸ் சொன்னது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "இதை முதல்ல சொல்றதுக்கென்னடி?" என்று நீள விசில் ஊத முயன்றாள், பாதியில் இருமல் வந்துவிட்டது.

அந்த வாரம் விசில் பாஷை மாறியது. ஒன்று ஊதினால் பேசின், இரண்டு ஊதினால் வாய் கொப்பளிக்கத் தண்ணீர். பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்துகொண்டு தங்கள் நாத்தனாரின் மாமியாருக்கு வந்த கேன்சர் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் நீளமாக ஒன்று, அதாவது ஆட்டம் முடிந்தது, கிளம்பலாம். ஆர்லிக்ஸ் பாட்டிலோடு வந்தவர்கள் மிரண்டு எழுந்து போவார்கள். பக்கத்துச் சர்ச் சபையிலிருந்து ஜெபம் பண்ண வந்த பெண்களிடம் மட்டும் அம்மா விசிலைத் தொடவில்லை. அவர்கள் ஜெபம் எவ்வளவு நீண்டாலும் கண்ணை மூடிக் கிடந்தாள். "மேல இருக்கற அம்பயரை எதுக்குடி பகைச்சுக்கணும்?" என்றாள்.

தலைமுடி கொட்டியது. ஸ்கார்ஃப் வாங்கித் தந்தேன், கட்டிப் பார்த்துவிட்டு, "கொள்ளைக்காரி மாதிரி இருக்கேன்" என்று கழற்றி எறிந்தாள். பெட்டிக்குள்ளிருந்து தன் வெள்ளைத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டாள். புடவையும் தொப்பியும் விசிலுமாகக் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பாள். வியாதிக்காரி என்று யாரும் சொல்ல முடியாது, கட்டில்தான் மைதானம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

வாந்தி நின்ற வாரம், மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கத் தானே ஒரு வழி கண்டுபிடித்தாள். எதிர்வீட்டு அக்கா இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். சேலையூர் பக்கம் நெல் விளைந்த நிலமெல்லாம் மனையாகி, இப்போது நாலு கடையை வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஆனாலும் வீட்டுப் பின்னால் இரண்டு எருமை கட்டியிருந்தார். அம்மாவின் ஏற்பாடு இதுதான்: தினமும் சாயங்காலம் நான் ஆபீசிலிருந்து வந்து காபி கொடுத்த பிறகு அம்மா எங்கள் வாசலில் நின்று ஒரே ஒரு விசில் ஊதுவாள். எருமைக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருக்கும் அக்கா அது கேட்டதா இல்லையா என்று வந்து சொல்ல வேண்டும். மூச்சு தேறினால் சத்தம் அவ்வளவு தூரம் போகும், தேறாவிட்டால் போகாது.

முதல் நாள் அக்கா ஓடிவந்தார். "நல்லாக் கேட்டுச்சு டீச்சர்."

அடுத்த நாள், "சூப்பராக் கேட்டுச்சு டீச்சர். எரும கூட திரும்பிப் பாத்துச்சு."

அதற்கடுத்த நாள், "நேத்தைக்கு இன்னிக்கு இன்னும் தூக்கலாக் கீது டீச்சர்."

அம்மாவுக்கு முகமெல்லாம் பல். பக்கத்தில் நின்று கேட்ட எனக்கே அந்த விசில் பிரஷர் குக்கர் மூச்சு விடுகிற மாதிரிதான் கேட்டது. சொல்ல மனசு வரவில்லை. ஒரு நாள் சரியாக ஊதும் நேரத்தில் தலைக்கு மேல் ப்ளேன் போயிற்று. எனக்கே ஒன்றும் கேட்கவில்லை. அக்கா வந்து, "கணீர்னு கேட்டுச்சு" என்றார். அம்மா கண்ணைச் சுருக்கினாள். ஆயிரம் பிள்ளைகளின் பொய் வயிற்றுவலியைப் பார்த்தவள் அல்லவா?

மறுநாள் சாயங்காலம் வாசலில் நின்றாள், விசிலை வாயில் வைத்தாள், ஊதவில்லை. அப்படியே நின்றுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"இன்னிக்குதான் டீச்சர், பழைய விசில் வந்துட்ச்சு."

"நான் ஊதவே இல்லியேம்மா."

அக்காவுக்கு முகம் தொங்கிவிட்டது. என்னைப் பார்த்தார், எருமை இருக்கும் திசையைப் பார்த்தார். "ஊதலன்னா இன்னா டீச்சர், எனக்குக் கேட்டுச்சு" என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. "ஒடம்பு முடியாதவங்க மூஞ்சியப் பாத்து கேக்கலன்னு எப்படி டீச்சர் சொல்றது? நாக்கு வர்ல."

அம்மாவால் திட்ட முடியவில்லை. அக்காவுக்குக் காபி கொடுக்கச் சொன்னாள். அவர் போன பிறகு அடக்க முடியாமல் சிரித்தாள், சிரித்ததில் இருமல் வந்து, இருமல் நிற்க வெகுநேரம் ஆயிற்று.

எங்கள் பக்கத்து ஜனங்களை எனக்குத் தெரியும். காய்ச்சல்காரரைப் பார்க்கப் போனால்கூட "முகம் தெளிஞ்சுட்டுது" என்று சொல்லாமல் திரும்ப மாட்டார்கள். அது பொய் என்றே யாருக்கும் தோன்றாது, வாழைப்பழம் வாங்கிப் போவது போல அதுவும் ஒரு மரியாதை. அவர்களை வைத்துக்கொண்டு ஒரு மருந்து கேட்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்கக் கிளம்பியது அம்மாவின் தப்பு.

"அப்ப நான் சொல்றேன்மா, பின்பக்கம் கிணத்தடியில நின்னு கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்றேன்.

"உன்னை நம்பவா? எம்மேல பாசமா இருந்தா கேக்காததைக் கேட்டுச்சும்ப. கோபமா இருந்தா கேட்டதையும் கேக்கலம்ப."

அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

இரண்டாவது ஊசியும் ஆயிற்று. வாந்தி, பேசின், வாய்ப்புண், எல்லாம் முறைப்படி வந்து முறைப்படி போயின. மருந்து உள்ளே என்ன செய்கிறது என்று மட்டும் தெரியவில்லை. அம்மா பிடிவாதமாகத் தினமும் சாயங்காலம் ஊதினாள், யாரிடமும் கேட்கவில்லை. அவளுடைய முகத்தில் சுரத்தே இல்லை. ஸ்போர்ட்ஸ் டே பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அப்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டைத் தடதடவென்று தட்டிக்கொண்டு கார்டு சார் வந்தார்.

"டீச்சர், இது நியாயமா? ரெண்டு மாசம் அமைதியா இருந்தது, நீங்க திருந்திட்டீங்கன்னு நினைச்சேன். நாலு நாளா மறுபடியும் ஆரம்பிச்சிருக்கீங்க. காது கிழியுது."

அம்மா கட்டிலிலிருந்து எழுந்தே விட்டாள். "நிஜமாவா சார்?"

"நிஜமாவான்னா?"

"எங்க உக்காந்திருந்தீங்க? ஜன்னல் திறந்திருந்துதா, மூடியிருந்துதா?"

"மூடித்தான் இருந்தது. என்ன டீச்சர், என்னையவே என்கொயரி பண்றீங்க?"

"மூடின ஜன்னல்லயே காது கிழிஞ்சுதாடி" என்று என்னிடம் திரும்பினாள். அத்தனை நாள் காணாமல் போயிருந்த சிரிப்பு வந்துவிட்டது. "சாருக்கு ஸ்ட்ராங்கா ஒரு காபி போடு."

"நான் சண்டை போட வந்திருக்கேன்" என்றார் அவர்.

"போடுங்க சார். உக்காந்து காபி குடிச்சுட்டுப் போடுங்க."

அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அப்போதுதான் தொப்பியைப் பார்த்தார், தொப்பிக்குக் கீழே முடி இல்லாததைப் பார்த்தார், மாத்திரை டப்பாக்களைப் பார்த்தார். தெருவில் யாரிடமும் பேசாத மனுஷனுக்கு விஷயமே தெரிந்திருக்கவில்லை. காபியைக் குடிக்காமல் எழுந்தார். வாசலில் என்னிடம் கேட்டார், நான் சொன்னேன். மறுநாள் இஸ்திரி போட்ட சட்டையோடு மன்னிப்புக் கேட்க வந்துவிட்டார். அம்மாவுக்கு ஆத்திரம் வந்தது.

"சார், நீங்களும் கெட்டுப் போயிடாதீங்க. இந்தத் தெருவுல எல்லாரும் நல்லவங்க. அதனால எனக்கு யாராலயும் பிரயோஜனம் இல்ல."

"அப்ப நான் கெட்டவன்ங்கறீங்க."

"ஆமா. அப்படியே இருங்க. தினமும் நான் ஊதுவேன். உங்க வீட்டுக்குக் கேட்டா வாங்க, வந்து வாய்க்கு வந்தபடி திட்டுங்க. கேக்கலன்னா வராதீங்க. என் மூஞ்சிக்காக ஒரு நாள் கூட வரக் கூடாது. இந்த மருந்து எனக்கு வேலை செய்யுதான்னு எனக்குத் தெரியணும் சார்."

அவர் நிமிர்ந்து நின்றார். "கார்டு பொய் சிக்னல் குடுக்க மாட்டான், டீச்சர்" என்றார்.

சொன்னபடி நடந்துகொண்டார். ஊசி போட்ட வாரத்தில் வர மாட்டார். அது கழிந்து ஒரு நாள் திடீரென்று கேட் சத்தம் கேட்கும். "மனுஷன் குடியிருக்கற தெருவா இது?" என்பார். விசில் விஷயத்தில் அவருக்கிருந்த ஞானத்துக்கு அளவே இல்லை. "நேத்து ஆரம்பம் நல்லா இருந்தது, கடைசியில காத்து இறங்கிடுச்சு. அதனால பாதித் திட்டுதான்" என்பார். "இன்னிக்கு முழுசா இருந்தது, எழுந்து உக்காந்துட்டேன். கொஞ்சமாவது வெக்கம் இருக்கா உங்களுக்கு?" என்பார். அம்மா பூரித்துப் போய்விடுவாள். அந்தத் திட்டுக்காகச் சாயங்காலம் ஆனால் முகம் கழுவி, தொப்பியைச் சரியாக வைத்துக்கொண்டு காத்திருப்பாள். இப்படித் திட்டு வாங்க அலங்காரம் பண்ணிக்கொண்ட பொம்பளையை நான் பார்த்ததில்லை.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் செருகி, ஸ்கேல் வைத்து அளந்தார். "நீர் மறுபடி சேரலம்மா. கட்டிங்களும் நல்லா சுருங்கியிருக்கு."

"தெரியும் சார். கார்டு ரெண்டு வாரமாத் திட்டறாரு."

டாக்டர் என்னைப் பார்த்தார். மருந்து மூளைக்குப் போய்விட்டதோ என்று நினைத்திருப்பார். நான் கதையைச் சொன்னதும் வாய்விட்டுச் சிரித்தார், பக்கத்து அறையிலிருந்து நர்ஸ் எட்டிப் பார்க்கிற அளவுக்கு. சிரித்து முடித்துவிட்டு, "இது எவ்வளவு நாள் நிக்கும்னு நான் சொல்ல முடியாதும்மா" என்றார்.

"அதையும் அவரு சொல்லுவாரு" என்றாள் அம்மா.

தெருவில் செய்தி பரவியது. சபைப் பெண்கள் ஜெபம் கேட்கப்பட்டது என்று சாட்சி சொன்னார்கள். எதிர்வீட்டு அக்கா சிங்கப்பெருமாள் கோவில் நரசிம்மருக்கு வேண்டிக்கொண்டிருந்தாராம், பிரசாதத்தோடு வந்து நின்றார். அம்மா யாரையும் மறுக்கவில்லை. "எல்லாரும் ஓடட்டும்டி. அவங்கவங்க லேன்ல ஓடினா சரி" என்று சொல்லிவிட்டுப் புளியோதரையைச் சாப்பிட்டாள். வாய்ப்புண் ஆறியிருந்தது.

ஸ்போர்ட்ஸ் டேக்காக டாக்டர் ஊசியை ஒரு வாரம் தள்ளிப் போட்டுக் கொடுத்தார். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு பளிச்சென்று இருந்தது. அம்மா வெள்ளைப் புடவை, வெள்ளைத் தொப்பி. நாற்காலி போட்டார்கள், உட்கார மறுத்துவிட்டாள். கோட்டின் அந்தக் கோடியில், பந்தயம் முடிகிற இடத்தில் பார்த்தால், கார்டு சார் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். யார் கூப்பிட்டார்கள் என்று தெரியாது. சத்தம் அதுவரை வருகிறதா என்று பார்க்க வந்திருக்கிறார், வேறென்ன?

"ஆன் யுவர் மார்க். கெட் செட்." பழைய டீச்சர் குரல். ஊதினாள். நீளமாக, சுத்தமாக வந்தது. பிள்ளைகள் பாய்ந்தார்கள். ஆனால் ஓரத்து லேன் பெண் ஒருத்தி ஊதுவதற்கு ஒரு நொடி முன்னாலேயே கிளம்பிவிட்டிருந்தாள். இருந்த மூச்சையெல்லாம் அம்மா ஒரே விசிலில் செலவழித்துவிட்டாளே, போனால் போகிறது என்று விட்டுவிடக் கூடாதா என்று வேண்டிக்கொண்டேன். அவளா விடுவாள்? மறுபடி ஊதினாள், முதலில் ஊதியதைவிடப் பலமாக. ஓடிய பிள்ளைகளெல்லாம் நின்று திரும்பி வந்தார்கள். முந்தியவளுக்கு அங்கேயே திட்டு விழுந்தது. அப்புறம் மூன்றாவது விசில். அந்தக் கோடியில் கார்டு சார், கையில் கொடி இருப்பது போல, கையை நேராக உயர்த்திக் காட்டினார். நான் அழுதேன். யார் பார்த்தால் எனக்கென்ன?

அந்த மருந்து எங்களுக்குக் கொடுத்தது அதுதான், அதோடு ஒரு நல்ல கோடைக்காலம். அம்மா மார்க்கெட்டுக்கு நடந்து போய்க் காய்காரியிடம் சண்டை போட்டாள், ஒரு முறை என்னை மகாபலிபுரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஊசிகள் முடிந்து, தலையில் புல் மாதிரி முடி முளைத்தது.

மழை ஆரம்பிக்கும் சமயம் கார்டு சார் வருவது குறைந்தது. அவருக்குக் காய்ச்சலோ என்று பார்க்கப் போனேன். திடமாக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பேப்பரை மடித்து வைத்தார். எனக்குப் புரிந்துவிட்டது, விசில் அவருக்குக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தால் அம்மா கேட்டாள்.

"காய்ச்சலா?"

"இல்ல."

"சரி, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றாள்.

எக்ஸ்ரேயில் வட்டங்கள் பழையபடி பெருத்திருந்தன. அந்த ரோஸ்மில்க் மருந்தை இனி இதயம் தாங்காது, வேறு ஒன்று போட்டுப் பார்க்கலாம், எவ்வளவு கேட்கும் என்று தெரியாது என்றார் டாக்டர். "பாப்போம்" என்றாள் அம்மா. புது மருந்தில் விரல் நுனியெல்லாம் மரத்தது. டம்ளரைப் பிடிக்க முடியாமல் கீழே போட்டாள். தினமும் சாயங்காலம் வாசலில் நின்று ஊதினாள், அப்புறம் கட்டிலில் இருந்தபடி ஊதினாள். கேட் சத்தம் கேட்கவில்லை. "ஒழுங்கான மனுஷன்டி" என்று அவரைப் பாராட்டிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். எனக்கு அந்த மனுஷனைக் கழுத்தைப் பிடித்து இழுத்து வந்து திட்டச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

அடுத்த ஊசிக்குப் பிறகு அம்மா ஊதவே இல்லை. விசிலை வெந்நீரில் போட்டுக் கழுவி அடுப்படியில் பாத்திரங்களுக்கு நடுவே கவிழ்த்து வைத்திருந்தேன். ஒரு வாரமாக அது அங்கேயேதான் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கேட் தடதடத்தது.

"என்ன டீச்சர் இது?" கார்டு சார் வாசற்படியிலேயே நின்று கத்தினார். "நேத்து ஊதினீங்களே ஒரு ஊது, ஜன்னல் கண்ணாடி அதிருது. மனுஷன் தூங்க வேண்டாமா? கொஞ்சமாவது அக்கம் பக்கத்தை நினைச்சுப் பாக்கறீங்களா?"

நான் வாயைத் திறந்தேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

"சாரி சார்" என்றாள். குரலே எழும்பவில்லை. "இனிமே பாத்து ஊதறேன்."

"பாத்து ஊதுங்க" என்றார். காபி கொண்டுவந்தேன். குடித்துவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்க்காமலேயே போனார்.

கேட் சாத்தும் சத்தம் கேட்கும்வரை அம்மா காத்திருந்தாள். "நாளைக்கு டாக்டர்கிட்ட சொல்லிடுடி, இந்த ஊசி போதும்" என்றாள்.

"எக்ஸ்ரே எடுத்துப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்மா. உடனே என்ன அவசரம்?"

"எக்ஸ்ரே எதுக்கு? கார்டு பொய் சிக்னல் குடுத்துட்டாரு."

சிரித்தாள். நிஜமான சிரிப்பு, இருமல் வராமல் பார்த்துச் சின்னதாகச் சிரித்த சிரிப்பு. என்னால் சிரிக்க முடியவில்லை, அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு ஊசிக்குப் போகவில்லை, வலிக்கு மட்டும் மருந்து வாங்கி வந்தோம். விசில் பாத்திரங்களுக்கு நடுவிலேயே இருந்தது.

கார்டு சார் மறுநாளும் வந்து திட்டினார். அம்மா மன்னிப்புக் கேட்டாள். அதற்கு மறுநாளும் வந்தார். அவள் இருந்தவரைக்கும் தினமும் சாயங்காலம் வந்தார், தினமும் அம்மா முகம் கழுவித் தொப்பியைச் சரியாக வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள்.